மிலூதினும் குறுக்குக் காற்றும்

மிலூதினுக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது காற்றுதான். புயல் காற்று அல்ல. எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் நடுவில் புகுந்து போகிறதே, ப்ரோமாயா என்று ஊரே பேர் சொல்லி நடுங்குகிற குறுக்குக் காற்று, அது. கழுத்து பிடித்துக்கொண்டால் குறுக்குக் காற்று. பல் வலித்தால் குறுக்குக் காற்று. மைத்துனனுடைய கல்யாணப் பேச்சு முறிந்தபோதுகூட, பெண் வீட்டில் முன் கதவையும் பின் கதவையும் திறந்து போட்டிருந்தார்களே என்று மிலூதின்தான் எடுத்துக் கொடுத்தார். லெஸ்கொவாட்ஸ் வட்டாரத்தில் இப்படி நம்புகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆனால் அவர் பேருந்து ஓட்டுநர். நகரத்திலிருந்து மலைக் கிராமங்களுக்குப் போகிற வண்டியின் அத்தனை ஜன்னல்களும் அவர் ஆட்சிக்கு உட்பட்டவை.

அது ஆகஸ்ட் கடைசி. வீட்டுக்கு வீடு முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுதும் ரொட்டியில் தடவித் தின்ன வேண்டிய விழுது அப்போதுதான் தயாராகும். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே அடைத்த ஜன்னல்கள். பேருந்தில் ஏறிய ஆட்கள் வெந்துதான் இறங்கினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் காற்றென்றால் பயம்தான்.

ஸ்மில்யா ஒருவர்தான் விதிவிலக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல் கிராமத்தில் வீடு, நகரத்தில் படுத்த படுக்கையான தங்கை. அவளைப் பார்க்கத் தினமும் காலையில் மலையிறங்கி மத்தியானம் திரும்புவார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் தள்ளித் திறப்பார். மிலூதின் வண்டியை ஓரங்கட்டி, எழுந்து வந்து அதை மூடிவிட்டுப் போவார். அடுத்த நிறுத்தத்தில் அது மறுபடி திறந்திருக்கும்.

"சிஸ்டர், என் பிடரியில நேரா அடிக்குது. என்ன சாகடிக்கணும்னே கெளம்பி வர்றீங்களா?"

"காத்து அடிச்சு செத்தவங்கன்னு எங்க வார்டுல ஒருத்தரையும் நான் பாத்ததில்ல, மிலூதின். சிகரெட்டு அடிச்சு செத்தவங்கள வேணா வரிசையா சொல்லட்டுமா?"

பேருந்து சிரிக்கும். மிலூதினும் சிரிப்பார். ஜன்னலை மட்டும் மூடிவிடுவார்.

ஆள் நல்லவர், அதில் சந்தேகமே வேண்டாம். கிழவிகள் ஓடி வருவது தெரிந்தால் நிறுத்திக் காத்திருப்பார். மருந்துக் கடையிலிருந்து மேலே யாருக்காவது மருந்து போக வேண்டுமென்றால் அவர் சட்டைப் பையில்தான் போகும். ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ராஜாவும் ஈடில்லை. ஆனால் வாயைக் கட்டுவது என்ற பேச்சே அவரிடம் செல்லாது. தட்டு முன்னால் வந்ததும், ருசி பார்ப்பதற்கு முன்பே உப்பைத் தூவுவார். பன்றிக்கொழுப்பை மொறுமொறுவென்று வறுத்து ஒரு காகிதப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் கடலை கொறிக்கிற மாதிரி அதைக் கொறிப்பார். நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை. வீட்டுக்கு எதிரே இருக்கிற ரொட்டிக் கடைக்கும் காரில் போகிறவர்.

காலை காபி வேளை இன்னும் கேலிக்கூத்து. பக்கத்து வீட்டு கோஸாரா ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மிலூதின், மனைவி தெசாங்கா, கோஸாரா மூவரும் சமையலறைக் கதவு ஜன்னலை எல்லாம் இறுக்கச் சாத்திவிட்டு, ஆளுக்கொரு சிகரெட்டைப் பற்ற வைத்து, கருவியைக் கை மாற்றிக் கை கட்டிப் பார்ப்பார்கள். யாருக்கு எண் கூடுதலோ அவருக்குத்தான் அன்றைக்குப் பெருமை.

"நூத்தி எண்பத்தஞ்சு!" என்பாள் கோஸாரா. "ஆத்தாடி, நீங்கதான் இன்னைக்கும் முதல். தலை வலிக்குதா?"

"பிடரியில லேசா. நேத்து அந்த நர்ஸம்மா ஜன்னலத் தொறந்தா இல்ல, அதுதான்."

"என் மாத்திரைய ஒண்ணு போட்டுப் பாருங்க. எனக்கு அமிர்தமா கேக்குது."

"டாக்டர் எழுதிக் குடுத்தது டப்பாவோட கெடக்குதே, அத முழுங்கினா என்னவாம்?" என்று தெசாங்கா இரைவாள்.

"தலை வலிச்சாத்தானே மாத்திரை? வலியே இல்லாம தெனமும் முழுங்க அது என்ன மிட்டாயா?"

வலித்தால் ஒன்று போடுவார், வலி நின்றால் டப்பா அலமாரிக்குப் போய்விடும். ஓட்டுநர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனை வருகிற வாரம் மட்டும் அவருக்குள் ஒரு துறவி இறங்கிவிடுவார். உப்பில்லை, கொழுப்பில்லை, ராக்கியா என்கிற பழச்சாராயமும் இல்லை. சொந்த மாத்திரை, கோஸாராவின் மாத்திரை, பச்சைப் பூண்டு எல்லாம் வேளை தவறாமல் உள்ளே போகும். எண் இறங்கும், முத்திரை விழும். அன்று சாயங்காலமே ஆட்டுக்குட்டி நெருப்பில் சுழலும், அதற்குப் பக்கத்தில் வெற்றி வீரராக மிலூதின் நிற்பார். ஏமாந்தது பரிசோதனைக்காரர்கள் என்றுதான் அவர் நம்பினார்.

அந்த ஆகஸ்டில் ஒரு மத்தியானம் பேருந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. சமதளச் சாலை முடிந்தால் கழுகுப் பாறை வளைவு. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வெறும் பள்ளம். ஜன்னல் திறந்திருந்தது, மிலூதின் இரண்டு முறை மூடி அலுத்துப் போயிருந்தார். ஸ்மில்யாவுக்குப் பின்னால் மரக்கடை திஹோமிர் தன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு முன்னாலேயே, நிறுத்தமே இல்லாத இடத்தில், வண்டி தடுமாறிச் சாலையோரப் புல்லில் இறங்கி நின்றது.

மிலூதின் திரும்பிப் பார்த்தார். வாயின் வலது பக்கம் தொங்கிப்போயிருந்தது. ஏதோ சொன்னார், சொல்லாக வரவில்லை. இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார்.

அவ்வளவுதான், பேருந்துக்கே விளங்கிவிட்டது.

"ப்ரோமாயா அடிச்சிடுச்சு! ஐயோ, வாய் கோணிடுச்சு! ஜன்னல மூடுங்க, மூடுங்க!"

தடதடவென்று ஜன்னல்கள் மூடின. ஒரு கிழவி தன் கம்பளித் துண்டை அவிழ்த்து அந்த வெயிலில் அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். திஹோமிர் பையிலிருந்து ராக்கியாவை எடுத்துக் கைக்குட்டையை நனைத்து அவர் கன்னத்தில் பரபரவென்று தேய்த்தார். வாய்க்குள்ளும் கொஞ்சம் ஊற்றப் போனார். ஸ்மில்யா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"தள்ளுங்க எல்லாரும். மிலூதின், என்னப் பாருங்க. சிரிங்க."

"இந்த நேரத்துல சிரிக்கச் சொல்றாளே, மனுஷியா இவ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை தூக்கிக்கொண்டது, வலது கை மடியை விட்டு நகரவில்லை. ஸ்மில்யா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. குனிந்து வண்டியின் சாவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது காத்தும் இல்ல கீத்தும் இல்ல. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரி."

"கொஞ்ச நேரம் சூடா படுத்தா சரியாப் போகும்" என்றார் திஹோமிர். "ஜன்னலயும் தொறந்துட்டு, சாவியயும் புடுங்கிட்டு, பெரிய டாக்டராட்டம் பேசறீங்க. எங்க மாமனுக்கும் இப்படித்தான் கோணுச்சு. கழுத்துல கம்பளி சுத்தி வெச்சோம்."

"இப்ப எங்க இருக்காரு உங்க மாமன்?"

மாமன் கல்லறையில் இருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்றார்கள் தொலைபேசியில். அதற்குள் மேலேயிருந்து, மேல் கிராமத்துப் பையன் ப்ளாகோயேயின் லாரி குடைமிளகாய் மூட்டைகளோடு இறங்கி வந்தது. ஸ்மில்யா நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். மிலூதினை முன்னால் ஏற்றி நடுவில் உட்கார வைத்தார்கள், ஸ்மில்யாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நட்டநடு வெயிலில் பேருந்தும் பயணிகளும் புல்லில் நின்றார்கள். அடுத்த வண்டி வரும்வரை அவர்கள் ஸ்மில்யாவைத் திட்டியதைக் கேட்டிருந்தால் அந்த லாரியிலிருந்த மிளகாயெல்லாம் தானே வெந்திருக்கும்.

பாதி வழி போகவில்லை, மிலூதினின் விரல்கள் அசைந்தன. பிறகு கை தூக்கிக்கொண்டது. வாய் நேராகி, சொல் சொல்லாக வந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டார். கழுத்துக் கம்பளியை அவிழ்த்தார்.

"போயிடுச்சு பாத்தீங்களா! காத்து வந்துச்சு, போயிடுச்சு. ப்ளாகோயே, வண்டியத் திருப்புடா. பஸ் அங்க அனாதையா நிக்குது."

"திருப்பாதே" என்றார் ஸ்மில்யா. "இது எச்சரிக்கை. அடுத்தது இப்படி வந்துட்டுப் போகாது."

ப்ளாகோயே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். யாருக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் வேகத்தைக் குறைத்தான்.

மிலூதினின் குரல் இறங்கிப்போனது. "சிஸ்டர், ஒங்க காலப் பிடிக்கறேன். ஆஸ்பத்திரியில இத ஒரு தடவ எழுதிட்டா அப்புறம் நான் டிரைவர் இல்ல. எனக்கு வேற என்ன தெரியும்? மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா, கடை வெக்கத் தெரியுமா? நீங்க பாக்கல, நானும் சொல்லல. முடிஞ்சுபோச்சு."

ஸ்மில்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவர்தான். இந்தக் கெஞ்சல் அவருக்குத் தாங்கவில்லை. "நீங்க சின்னப் பிள்ள இல்ல, மிலூதின்" என்றார். "திருப்பச் சொன்னா திருப்பட்டும். நான் கையக் கட்டிப் போட முடியாது. ஆனா கை எப்பப் போச்சுன்னு மட்டும் எனக்கு உண்மையச் சொல்லுங்க."

மிலூதின் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். வெளியே மிளகாய் சுடும் புகை வாசனை லாரிக்குள் நுழைந்தது.

"நிறுத்தறதுக்கு முன்னாடியே" என்றார். "கியர் மாத்த கையத் தேடினேன். இல்ல. குனிஞ்சு பாத்தா மடியில கெடக்குது, யாரோட கையோ மாதிரி. நிமிர்றதுக்குள்ள வண்டி கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு. எதுக்க யாரும் வரல. அதனால தப்பிச்சோம். இன்னும் கொஞ்சம் போயிருந்தா கழுகுப் பாறை."

ப்ளாகோயே வேகத்தை இன்னும் குறைத்தான். பிறகு மிலூதின்தான் சொன்னார். "ப்ளாகோயே, ஏன்டா ஊர்வலம் போற மாதிரி ஓட்டற? ஆஸ்பத்திரிக்கு ஓட்டு."

அங்கே எல்லாவற்றையும் எழுதினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று ஒன்று விடாமல் எகிறிக் கிடந்தது. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, சிரிக்காமல் கேலி செய்கிறவர்.

"டாக்டரம்மா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஜன்னல்ல இருந்து வந்ததா இருக்குமோ?"

"இருக்கலாம். அந்த ஜன்னல்தான் ஒங்களுக்குத் தெனமும் ரெண்டு பாக்கெட்டு சிகரெட்டு ஊதி விட்டுச்சா? பன்றிக்கொழுப்பும் உப்பும் ஜன்னல்தான் ஊட்டி விட்டுச்சா? மாத்திரைய அலமாரியில பூட்டி வெச்சதும் அதானா?"

"தலை வலிச்சா போடுவேனே..."

"அழுத்தம் ஏறினா தலை வலிச்சே ஆகணும்னு சட்டமில்ல. அது சத்தம் போடாம வேல பாக்கும். ஒங்க பஸ்ஸுக்கு எண்ணெய் மாத்தறீங்களே, இஞ்சின் அழுதப்புறமா மாத்தறீங்க?"

இஞ்சின் விஷயத்தில் மிலூதின் ஒரு நாள் தவறியதில்லை.

பயணிகள் வண்டியை இனி தொடக்கூடாது என்று முடிவாகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் பழகிய மனிதரைக் கைவிடாமல் நிலையத்தில் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். அவர் சிகரெட்டை விட்டார். மூன்று முறை விட்டு மூன்றாவது முறை நிஜமாகவே விட்டார். தெசாங்காவும் கூடவே விட்டாள், வெறும் பிடிவாதத்தில். பன்றிக்கொழுப்புப் பை போன இடம் தெரியவில்லை. காலையில் மாத்திரை, உப்புக் குறைந்த பீன்ஸ், நிலையம் வரைக்கும் நடை. பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். பிறகு வழியில் நாலு பேரிடம் வம்பு பேசலாம் என்று கண்டுபிடித்து, சந்தோஷமாக நடந்தார். காபி வேளையில் கருவி இப்போதும் மேசையைச் சுற்றியது. இவருக்குக் கடைசி இடம். கோஸாராவுக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரே ஒரு முள் மட்டும் உள்ளே தைத்துக்கொண்டிருந்தது. மேல் கிராமம் முழுக்க ஸ்மில்யாவைத்தான் குற்றம் சொன்னது. ஜன்னலைத் திறந்து ஒரு நல்ல ஓட்டுநரை முடக்கிவிட்டாள் என்றார்கள். பேருந்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "ஒருத்தரச் சாய்ச்சாச்சு, போதாதா?" என்று காதுபடவே கேட்டார்கள். லாரியில் கேட்டதை ஸ்மில்யா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நோயாளி சொன்னதை வெளியே சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ப்ளாகோயேயின் வாயையும் அவர்தான் அடைத்து வைத்திருந்தார். மிலூதினுக்கு எல்லாம் தெரியும். சொன்னால் தன் மானம் போகும். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வண்டியை விட்ட ஓட்டுநர் என்று யார்தான் தன் வாயால் சொல்லிக்கொள்வார்? வாயை மூடிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் அவர்கள் குடும்பத்துப் புனிதரின் திருநாள் வந்தது. ஸ்லாவா என்கிற அந்தத் திருநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள், வராவிட்டால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. மெழுகுவத்தி ஏற்றியதிலிருந்து மிலூதினுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டிக்கெட்டு கிழிக்கறவன் வீட்டுக்கு எவன்டி வருவான்?"

"சும்மா இருய்யா. ஒன்ன யாரு பாக்க வர்றா? என் முட்டைக்கோஸ் சுருளத் திங்கத்தான் வருவாங்க."

வந்தார்கள். மலைப் பேருந்தே வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி மொத்தக் கூட்டமும் வந்தது. நுழைந்ததும் ஒவ்வொருவரும் கரண்டியால் இனிப்புக் கோதுமையை எடுத்து வாயில் போட்டு, கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து உட்கார்ந்தார்கள். அந்த நாளில் வீட்டுக்காரர் உட்காரக்கூடாது, எல்லோருக்கும் நின்று பரிமாற வேண்டும். மிலூதின் தட்டோடு பம்பரமாகச் சுழன்றார். ஸ்மில்யாவும் வந்திருந்தார். மேசைக் கோடியில் உட்கார்ந்தார். அவருக்கு இருபுறமும் நாற்காலி காலியாகவே கிடந்தது.

இரண்டு ராக்கியா உள்ளே போனதும் திஹோமிர் ஆரம்பித்தார். "அன்னைக்கு அந்த ஜன்னல மட்டும் சில பேரு தொறக்காம இருந்திருந்தா, நம்ம மிலூதின் இன்னைக்கும் ஸ்டியரிங் பிடிச்சிட்டிருப்பான். இல்லேன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்."

கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது. ஸ்மில்யா எழுந்து கோட்டை எடுத்தார்.

"சிஸ்டர், கோட்ட ஆணியில மாட்டுங்க" என்றார் மிலூதின். கையிலிருந்த தட்டை நீட்டினார். தெசாங்கா அதை வாங்கிக்கொண்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மடியில் கிடந்த கையைச் சொன்னார். கோட்டைத் தாண்டிப்போன வண்டியைச் சொன்னார். பரிசோதனைக்கு முன்னால் ஒரு வாரம் போட்ட வேஷத்தையும், அலமாரியில் கிடந்த மாத்திரையையும் சொன்னார். கோஸாராகூடச் சிகரெட்டைப் பற்ற வைக்க மறந்துபோனாள்.

"திஹோமிர், நீ அன்னைக்கு எங்க உக்காந்திருந்த?"

"ரெண்டாவது சீட்டு."

"மடியில யாரு?"

"பேத்தி" என்றார் திஹோமிர். முகம் வெளுத்துவிட்டது.

"நான் மேல ஓட்டியிருப்பேன்டா" என்றார் மிலூதின். "வாய் கோணினாலும் ஓட்டியிருப்பேன். என்ன எனக்குத் தெரியும். அந்தம்மா சாவியப் புடுங்கலேன்னா மறுபடியும் வண்டியக் கெளப்பியிருப்பேன்."

திஹோமிர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு கோடிக்குப் போனார். ஸ்மில்யாவின் இரண்டு கையையும் பிடித்தார், அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. பிறகு கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்துக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன எல்லாரும் மூஞ்சியப் பாத்துட்டிருக்கீங்க? ஆறிப்போகுது, சாப்பிடுங்க!" என்று தெசாங்கா அதட்டினாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். கரண்டிகள் மறுபடி ஓடின. சிரிப்பும் மெல்லத் திரும்பி வந்தது.

மிலூதின் தட்டை வாங்கிக்கொண்டு பரிமாறத் தொடங்கினார். ஸ்மில்யாவின் பக்கம் வந்தபோது அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "வண்டி ஓட்டாம இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கா, மிலூதின்?"

"தெனம் காலையில பஸ் கெளம்பற சத்தம் கேட்டா அழுகையா வருது, சிஸ்டர்" என்றார் அவர். பிறகு அந்த நீள மேசையை, தின்றுகொண்டும் கத்திக்கொண்டும் இருந்த அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தார். "ஆனா அன்னைக்கு எல்லாரும் வீடு போய்ச் சேந்தாங்கல்ல."